கோரைக்கு அடித்த மருந்து

எனக்குப் பயம் பிறவிக் குணம். கேஸை அணைத்தேனா என்று பஸ் ஸ்டாண்டு வரை போய்த் திரும்பி வந்து பார்த்திருக்கிறேன். பூட்டிய பூட்டை நாலு தரம் இழுத்துப் பார்க்காமல் தெருவில் இறங்க மாட்டேன். என் வீட்டுக்காரர் இதையெல்லாம் சொல்லிச் சிரிக்காத சொந்தக்காரர் வீடு பாக்கியில்லை. இவ்வளவு பயப்படுகிற நான், பயப்பட்டே ஆக வேண்டிய ஒரு சாயங்காலத்தில் பயப்படாமல் இருந்துவிட்டேன். அந்த ஒரு நாளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

பெரம்பலூர் டவுனுக்கு வெளியே, புதிதாகப் போட்ட மனைப்பிரிவில் நாங்கள் வீடு கட்டிக் குடிபோனோம். கரிசல் மண். மழை பெய்தால் செருப்பு சேற்றிலேயே நின்றுவிடும், கால் மட்டும் வெளியே வரும். கோடையில் வீட்டைச் சுற்றிப் பாளம் பாளமாக வெடிக்கும். ஒரு வெடிப்பில் என் கை மணிக்கட்டு வரை உள்ளே போனது. அதைப் பார்த்த அன்றிலிருந்து எனக்கு அஸ்திவாரத்தைப் பற்றிய பயம் வந்துவிட்டது. வீட்டுக்குள் சுவர்களை விரலால் தடவித் தடவிக் கீறல் தேடுவேன்.

வீடு கட்டிக் கொடுத்த கொத்தனாரைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

“சுத்திலும் சிமெண்டு போட்டுடுங்கம்மா. முடியலன்னா புல்லாவது வச்சு வுடுங்க. மண்ணு காயாம இருந்தா வெடிக்காது” என்றார்.

என் வீட்டுக்காரருக்கு அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் ஷிப்ட் வேலை. அதனால் எங்களுக்குச் சிமெண்ட் சும்மா கிடைக்கும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. ஒரு பிடி கூடக் கிடைக்காது. வீட்டைக் கட்டி முடித்த கையோடு எங்களிடம் இருந்ததெல்லாம் தீர்ந்திருந்தது. பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவில் மதில் எழுப்பக்கூட முடியாமல் அந்தப் பக்கத்தை அப்படியே திறந்து விட்டிருந்தோம். ஆகவே புல் என்று முடிவானது. திருச்சி ரோட்டு நர்சரியில் போய் விசாரித்தோம். பாய் மாதிரி சுருட்டி வைத்திருந்த புல்லைக் காட்டி, சதுர அடிக்கு இவ்வளவு என்றார்கள். விலையைக் கேட்டதும் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டோம்.

என் தம்பி வேப்பந்தட்டைப் பக்கம் மானாவாரியில் மக்காச்சோளமும் பருத்தியும் போடுகிறான். போனில் அவனிடம் அழாத குறையாகச் சொன்னேன்.

“இதுக்கா காசு குடுத்துப் புல்லு வாங்கப் போனீங்க? நம்ம வரப்புல அருவு கெடக்குது, கொண்டாந்து போடறேன்” என்றான்.

மறுவாரம் நாலு சாக்கு நிறைய அருகம்புல்லைக் கொத்திக் கொண்டுவந்து வாசலில் கொட்டினான். “நாங்க இத ஒழிக்க முடியாம செத்துக்கிட்டு இருக்கோம். நீ வேலி கட்டி வளக்கப் போற” என்று சிரித்தான்.

கையில் காசில்லாமல் புல்தரை வைக்க நினைக்கிற புது வீட்டுக்காரர்களுக்கு, நான் கற்றுக்கொண்டதை இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். வேறு எதற்கும் இந்த எழுத்து உதவாமல் போனாலும் இதற்காவது உதவட்டும். மண்ணை ஒரு சாண் ஆழம் கொத்தி, கட்டிட வேலையில் விழுந்த கல்லையும் காரைக்கட்டியையும் பொறுக்கி எறிய வேண்டும். கரிசலாக இருந்தால் கொஞ்சம் மணலும் மக்கின சாணி எருவும் கலக்க வேண்டும். அருகங்கொடியை விரல் நீளத்துக்கு, இரண்டு கணுவாவது இருக்கும்படி நறுக்கி, ஒரு நுனி வெளியே தெரிய அரைச் சாண் இடைவெளியில் ஊன்ற வேண்டும். ஊன்றியதும் மேலே நடந்து மிதித்துவிட வேண்டும். முதல் பதினைந்து நாள் இரண்டு வேளையும் தண்ணீர். பிறகு இரண்டு நாளைக்கு ஒரு தரம், விடிகாலையில், வேர் நனைகிற அளவுக்கு விட்டால் போதும். அரிசி களைந்த தண்ணீர், காய் கழுவிய தண்ணீர் எல்லாம் ஆகும். மெஷின் வாங்க வேண்டாம், செடி வெட்டுகிற பெரிய கத்தரி போதும். ஒரே தடவையில் ஒட்ட வெட்டினால் அடி வெளுத்து வெயிலில் கருகிப் போகும். நுனியை மட்டும் வெட்டி, வெட்டிய தூளை அங்கேயே விட்டுவிட்டால் அது உரம்.

ஆவணியில் ஊன்றியது ஐப்பசி மழையில் ஒன்றோடொன்று கை கோத்துக்கொண்டது. காலில் சேறு ஒட்டுவது நின்றது. காலையில் அந்தப் பச்சையைப் பார்க்கும்போது எனக்கே கொஞ்சம் கர்வம் வந்தது.

அந்தப் புல்லுக்காகத்தான் பக்கத்து வீட்டுப் பெண் என்னிடம் முதலில் பேச வந்தாள். என்னைவிடப் பத்து வயது சிறியவள். வீட்டுக்காரர் டிப்பர் லாரி ஓட்டுகிறார். கல்யாணமாகி ஒன்பது வருஷம் குழந்தை இல்லாமல் இருந்து, அப்போதுதான் நாள் தள்ளிப் போயிருந்தது. தினமும் வெறும் வயிற்றில் அருகம்புல் சாறு குடித்தால் உடம்புச் சூடு தணியும், ரத்தம் ஊறும் என்று யாரோ அவளுக்குச் சொல்லியிருந்தார்கள்.

“அக்கா, ஒங்க வூட்டுப் புல்லுல ஒரு கைப்பிடி கிள்ளிக்கட்டுங்களா? ரோட்டோரத்துப் புல்லுல நாயி கீயி போயிருக்கும், பயமா இருக்கு” என்றாள்.

“இதுக்கெல்லாம் கேப்பியா? தெனமும் வந்து கிள்ளிக்க. என்னைக் கேக்கவே வேணாம்” என்றேன்.

சுத்தமான புல் வேண்டும் என்றுதான் அவள் என் வீட்டுக்கு வந்தாள்.

அன்றிலிருந்து ஆறு மணிக்கெல்லாம், மதில் இல்லாத பக்கமாக ஒரு சின்னக் கிண்ணத்தோடு வருவாள். குனிந்து கொழுந்தாகப் பார்த்துக் கிள்ளுவாள். மூன்று தண்ணீரில் அலசி மிக்சியில் அடிப்பாள். செவ்வாய், வெள்ளி என்றால் பிள்ளையாருக்கும் சேர்த்து இரண்டு கைப்பிடி. அடுக்களை ஜன்னல் வழியாக நான் பார்த்துக்கொண்டிருப்பேன். குனியும்போது ஒரு கையால் வயிற்றைத் தாங்கிக்கொள்ள ஆரம்பித்திருந்தாள். வயிறே இன்னும் தெரியாத மாதத்தில் எதைத் தாங்குகிறாள் என்று எனக்குச் சிரிப்பு வரும்.

கார்த்திகை பிறந்ததுமே கோரை வந்தது. அருகம்புல்லுக்கு நடுவே வெளிர்பச்சையில் ஈட்டி ஈட்டியாக நின்றது. பிடுங்கினால் மேலே உள்ளது மட்டும் வரும், மண்ணுக்குள் கிழங்கு தங்கிவிடும். ஒன்றைப் பிடுங்கிய இடத்தில் ஒரு வாரத்தில் மூன்று நிற்கும். மூன்று வாரம் முதுகு ஒடியப் பிடுங்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் தம்பிக்குப் போன் போட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முதுகில் மாட்டுகிற தெளிப்பானோடு வந்தான். பையில் ஒரு சின்னப் பாக்கெட். மக்காச்சோளக் கொல்லைக்கு வாங்கியதில் மிச்சமாம்.

“இது கோரைய மட்டுந்தான் கொல்லும். அருவத் தொடவே தொடாது” என்றான். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒரு இடம் விடாமல் அடித்தான். அடித்து முடித்துக் கை கழுவும்போது, “ஒரு வாரம் ஆடு மாட்ட உள்ள வுட்றாத. வெறுங்காலோட நடக்காத” என்று சொல்லிவிட்டுப் போனான்.

நான் சொல் தவறாமல் கேட்டேன். முன்பக்கக் கேட்டில் சங்கிலி போட்டேன். அடுத்த தெருவில் ஆடு வளர்க்கிற அம்மா வீட்டுக்கு நடந்தே போய், “ஒரு வாரத்துக்கு ஆட்ட இந்தப் பக்கம் ஓட்டாதீங்க, மருந்து அடிச்சிருக்கு” என்று இரண்டு தரம் சொன்னேன். என் செருப்பை வாசலிலேயே கழற்றினேன். ஆட்டைப் பற்றி நினைத்தேன், மாட்டைப் பற்றி நினைத்தேன், என் உள்ளங்காலைப் பற்றிக்கூட நினைத்தேன். பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பற்றி நினைக்கவே இல்லை.

ஏன் என்று எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். அவள் கிள்ளுவது சாமிக்கும் மருந்துக்குமான அருகம்புல். தம்பி தெளித்தது களை முளைத்த என் புல்தரையின் மேல். இரண்டும் ஒரே இடத்தில் இருக்கிற ஒரே புல் என்பது என் மண்டையில் சேரவே இல்லை. இதைவிட நல்ல காரணம் என்னிடம் கிடையாது.

மறுநாள் திங்கட்கிழமை மீன்சுருட்டியில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். வீட்டுக்காரர் காலை ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டார். நான் ஐந்தரை மணிக்கு வீட்டைப் பூட்டி, பூட்டை நாலு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு, சீர்ப்பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அரியலூர் பஸ் ஸ்டாண்டில் வண்டி நின்றது. ஜன்னலுக்கு நேர் கீழே ஒரு பூக்காரம்மா அருகம்புல்லை உருவி உருவி மாலை கட்டிக்கொண்டிருந்தார். நான் சும்மாதான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கையிலிருந்த அருகம்புல்லைப் பல்லில் கடித்துக்கொண்டு நாரைப் பிரித்தார்.

பக்கத்து வீட்டுப் பெண்ணின் கிண்ணம் கண்ணுக்கு முன்னால் வந்தது. பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு, ஆட்களை இடித்துத் தள்ளிக்கொண்டு இறங்கினேன். மணி ஆறே முக்கால். அவள் கிள்ளி, அலசி, அரைத்து, குடித்து முடித்திருக்கும் நேரம்.

போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. ஐந்து தரம் போட்டேன். என் வீட்டுக்காரர் போனை ஆலை லாக்கரில் வைத்திருப்பார். அந்தத் தெருவில் வேறு யாருடைய நம்பரும் என்னிடம் இல்லை. பெரம்பலூர் போகிற பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து தம்பிக்கு அடித்தேன்.

“கழுவித்தானக்கா குடிப்பாங்க? ஒன்னும் ஆவாது. அது அவ்ளோ வெஷம் கெடையாது” என்றான் முதலில்.

“அவ மாசமா இருக்காடா.”

போனில் ஒன்றும் கேட்கவில்லை. லைன் துண்டித்துவிட்டதோ என்று பார்த்தேன். துண்டிக்கவில்லை. என்னைப் போல் எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவன் இல்லை அவன். பாம்பு கிடக்கிற கொல்லையில் வெறுங்காலோடு தண்ணீர் கட்டுகிறவன். அவனே பயந்துவிட்டான்.

“பாக்கெட்ட போட்டோ எடுத்து அனுப்பறேன். நீ மொதல்ல போயிப் பாரு” என்றான் கடைசியில்.

சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் அந்த பஸ் ஊர்ந்தது. நான் மாதங்களை எண்ணினேன். நாலாவது மாதம். கை கால் விரலெல்லாம் உருவாகிற மாதமா, உருவாகி முடிந்த மாதமா என்று எனக்குத் தெரியவில்லை. போனில் தேடிப் பார்க்கலாம் என்று எடுத்தேன். தேட முடியாமல் மறுபடியும் பைக்குள் போட்டேன். ஒன்பது வருஷம் என்ற வார்த்தை மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தபோது அவள் வீடு பூட்டியிருந்தது. என் புல்தரையில் அந்த ஓரத்தில் ஒரு முறம் அகலத்துக்குக் கொழுந்து கிள்ளியிருந்தது. துவைக்கிற கல்லின் மேல் மிக்சி ஜார் கழுவிக் கவிழ்த்திருந்தது. கறிவேப்பிலைச் செடிக்கு அடியில் அரைத்துப் பிழிந்த சக்கை பச்சையாகக் கிடந்தது. மறுபடியும் அவள் நம்பருக்கு அடித்தேன். பூட்டிய வீட்டுக்குள் போன் மணி அடித்தது. கதவுக்கு வெளியே நின்று அந்த மணியைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆட்டுக்கார அம்மா தெருவோடு போய்க்கொண்டிருந்தார். “அந்தப் புள்ளய தேடறீங்களா? ஆஸ்பத்திரிக்குப் போவுதே. இப்பத்தான் ஆட்டோல ஏறுச்சு” என்றார்.

எதற்கு என்று கேட்காமலேயே இன்னொரு ஆட்டோவை மறித்தேன்.

ஆஸ்பத்திரியில் கர்ப்பிணிகள் பகுதிக்கு ஓடினேன். சுவரோரம் போட்டிருந்த பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள். தலை நிறையப் பூ. கையில் டோக்கன். அன்றைக்கு அவளுக்கு மாதாந்திர செக்கப். வேறு ஒன்றுமில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

“அக்கா, கல்யாணத்துக்குப் போவலையா?”

“பாதி தூரம் போனேன். மனசு சரியில்ல, திரும்பிட்டேன்.”

“எனக்குத் தொணைக்கா வந்தீங்க?” என்றாள். அவள் முகம் மலர்ந்துவிட்டது. “அவரு லோடு எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு. தனியாத்தான் வந்தேன். போனக்கூட மறந்து வச்சுட்டு வந்துட்டேன்.” என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

நான் சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டேன். “இன்னிக்கு ஜூஸ் குடிச்சியா?”

“குடிச்சேனே. இன்னிக்கு ஒரு டம்ளர் ஃபுல்லா. ஏன்க்கா?”

“சும்மா கேட்டேன்.”

அவள் டோக்கன் நாற்பத்தொன்று. அப்போது முப்பத்துமூன்று உள்ளே போயிருந்தது. முப்பத்துநாலைக் கூப்பிட்டதும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். கூப்பிட்டார்கள். சொல்லவில்லை.

அந்தப் பெஞ்சில் என் பயம் கட்சி மாறிவிட்டது. பஸ்ஸில் வரும்போது அவளுக்காகப் பயந்தேன். அவள் பூவும் சிரிப்புமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும், எனக்காகப் பயப்பட ஆரம்பித்தேன். அவள் வீட்டுக்காரர் என்ன செய்வார், தெரு என்ன சொல்லும், போலீசுக்குப் போவார்களோ, தம்பியை இழுப்பார்களோ. இவளுக்குத்தான் ஒன்றும் ஆகவில்லையே, வாந்தியில்லை, மயக்கமில்லை. இனிமேல் கிள்ளாதே என்று ஏதாவது ஒரு சாக்குச் சொல்லி நிறுத்திவிட்டால் போதுமே. நாளைக்கு ஏதாவது ஆனால்கூட, அது புல்லால் ஆனது என்று யாருக்குத் தெரியும்? இப்படியெல்லாம் யோசித்தேன். என் கை அவள் மடியில்தான் இருந்தது. குழந்தை அசைகிற மாதிரி இருக்கிறது, ஆனால் இவ்வளவு சீக்கிரம் அசையாதாமே என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் தலையாட்டினேன்.

முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. நாற்பது. ஒவ்வொன்றுக்கும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்து விட்டுவிட்டேன். நாற்பத்தொன்று என்று நர்ஸ் கூப்பிட்டதும் அவள் எழுந்தாள்.

“நேத்து சாயங்காலம் அந்தப் புல்லுக்கு மருந்து அடிச்சோம்” என்றேன். “களைக்கொல்லி. ஒன்கிட்ட சொல்ல மறந்துட்டேன்.”

அவள் முதலில் புரியாமல் சிரித்தாள். பிறகு என் கையிலிருந்து அவள் கை வெளியே போனது.

டாக்டரம்மா தம்பி அனுப்பிய போட்டோவை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கி, பாக்கெட்டின் பொடி எழுத்தையெல்லாம் படித்தார். யாருக்கோ போன் போட்டுப் பேசினார். எவ்வளவு குடித்தாள், எத்தனை மணிக்கு, எத்தனை தண்ணீரில் அலசினாள் என்று கேட்டார். என்னையும் ஒரு பார்வை பார்த்தார்.

“உள்ள போன அளவு ரொம்பக் கம்மியாத்தான் இருக்கும். பயப்பட வேண்டியதில்லம்மா” என்றார். “ஆனா சாயங்காலம் வரைக்கும் இங்கயே இருங்க. அஞ்சாம் மாச ஸ்கேன்ல எல்லாத்தையும் பாத்துடலாம்.”

பயப்பட வேண்டியதில்லை என்றதை அவளும் பிடித்துக்கொள்ளவில்லை, நானும் பிடித்துக்கொள்ளவில்லை. அந்த ‘ஆனா’வை இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் சுமந்துகொண்டு அறையை விட்டு வெளியே வந்தோம்.

மத்தியானம் அவள் வீட்டுக்காரர் லாரியை எங்கேயோ நிறுத்திவிட்டு வந்தார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் நிற்கிற பக்கமே திரும்பாமல் அவள் கட்டிலருகே நின்றார். அந்த வாரமே எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஹாலோபிளாக் கல் இறங்கியது. நாங்கள் பணமில்லாமல் விட்டிருந்த மதிலை அவரே ஒரு ஆள் உயரத்துக்கு எழுப்பிவிட்டார்.

கோரை செத்தது. நுனி மஞ்சளாகி, பழுப்பாகி, கிழங்கோடு செத்தது. அருகு அதன் இடத்தையும் பிடித்துக்கொண்டு படர்ந்தது. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்து, எந்த நர்சரியில் வாங்கினீர்கள் என்று கேட்டார்கள். எனக்கு அந்தப் பச்சையைப் பார்க்கவே பயமாக இருந்தது. தண்ணீர் விடுவதை என் வீட்டுக்காரரிடம் தள்ளிவிட்டேன்.

ஐந்தாம் மாத ஸ்கேன் அன்றைக்கு மாடிக்குப் போய் நின்று, அவர்கள் ஆட்டோவில் திரும்பி வருவதைப் பார்த்தேன். அவள் இறங்கும் விதத்தில் ஏதாவது தெரிகிறதா என்று தேடினேன். ஒன்றும் தெரியவில்லை. நல்லபடியாக இருக்கிறதாம் என்று ஆட்டுக்கார அம்மா சொன்ன பிறகும் எனக்கு அடங்கவில்லை. ஸ்கேனில் தெரியாதது எத்தனையோ இருக்கும் என்று மனசு சொன்னது. வளைகாப்புக்குத் தெருவெல்லாம் அழைத்தார்கள், எங்களைத் தவிர. மதிலுக்கு அந்தப் பக்கம் வளையல் சத்தமும் பெண்கள் சிரிப்பும் கேட்டது. ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு பாத்திரம் துலக்கினேன். பிறகு அவளைப் பிரசவத்துக்கு அரும்பாவூருக்கு, அவள் அம்மா வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார்கள்.

ஆனியில் ஒரு நாள் ஆட்டுக்கார அம்மா கேட்டுக்கு வெளியே நின்று சேதி சொன்னார். “பொம்பளப் புள்ள. சொகப் பிரசவம்.”

“கை காலெல்லாம்?” என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். “எல்லாம் நல்லாத்தான் இருக்குது. ஏன் அப்படிக் கேக்கறீங்க?”

உள்ளே போய் அடுக்களைத் தரையில் உட்கார்ந்து அழுதேன். அடுப்பில் இருந்த பால் பொங்கி வழிந்து நெருப்பை அணைத்தது. எழுந்து பார்க்கத் தோன்றவில்லை.

மூன்று மாதம் கழித்து அவள் திரும்பி வந்தாள். வந்த நாலாம் நாள் காலையில் முன்பக்கக் கேட்டைத் திறந்துகொண்டு, துண்டில் சுற்றிய குழந்தையோடு எங்கள் வாசலில் நின்றாள். நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்கார்ந்தாள். நான் கேட்காமலேயே குழந்தையை என் மடியில் வைத்தாள்.

குழந்தை விழித்துக்கொண்டுதான் இருந்தது. கன்னத்தில் பெரிய மைப்பொட்டு. வாசனையாக இருந்தது. நான் முகத்தைப் பார்க்கவில்லை. துண்டை விலக்கி அதன் கைகளைப் பார்த்தேன். அவள் அதைக் கவனித்துவிட்டாள்.

“எண்ணிப் பாருங்கக்கா. நானும் தெனமும் எண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன்” என்றாள்.

நான் எண்ணினேன். பிறகு சொன்னாள்.

“ஒன்னு கேக்கணும்னுதான் வந்தேன். அன்னிக்கு அந்தப் பெஞ்சுல என் கையப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தீங்க. அவ்ளோ நேரம். அப்ப என்ன நெனச்சுக்கிட்டு இருந்தீங்க?”

உன்னைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், எப்படிச் சொல்வது என்று தவித்தேன் என்று சொல்லியிருக்கலாம். வார்த்தை நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அவளும் அதைத்தான் எதிர்பார்க்கிறாள் என்று அவள் முகத்திலேயே தெரிந்தது. ஆனால் இன்னொரு ‘சும்மா கேட்டேன்’ சொல்ல எனக்குத் தெம்பில்லை. இந்த எட்டொன்பது மாதமாகச் சுமந்தது போதும் என்றிருந்தது.

“சொல்லாம விட்டுட்டா யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சேன். என்னைப் பத்தித்தான் நெனச்சேன்” என்றேன்.

அவள் தலை குனிந்து தன் புடவைக் கொசுவத்தை நீவிவிட்டுக்கொண்டிருந்தாள்.

“எங்க வூட்டுக்காரரு அப்படித்தான் சொன்னாரு” என்றாள். “மாட்டிக்குவோம்னு பயந்துதான் சொல்லியிருப்பாங்கன்னு. நான் ஒத்துக்கவே இல்ல. இல்ல, அக்கா எனக்காகத்தான் கல்யாணத்த வுட்டுட்டு ஓடியாந்தாங்க, எனக்காகத்தான் சொன்னாங்கன்னு இத்தனை மாசமா அவருகிட்ட சண்டை போட்டுக்கிட்டு இருந்தேன்.”

ஓடி வந்தது உனக்காகத்தான், அது நிஜம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதைச் சொல்கிற உரிமை எனக்கு இல்லாதது போல இருந்தது.

அவள் எழுந்து குழந்தையை எடுக்கக் குனிந்தாள். அது என் புடவைத் தலைப்பை இறுக்கிப் பிடித்திருந்தது. சின்ன விரல்களை அவள் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள். துண்டைச் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டாள். ‘வரேன்க்கா’ என்று சொல்லாமல் படியிறங்கிப் போனாள்.